ஜிம்மி பெயரில் ஒரு இட்லி

எங்கள் வீட்டில் சோற்றைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் ஜிம்மி, ஐந்து கிலோ எடை. பாமரேனியன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிறார்கள். தட்டு வைக்கிற நேரம் தவறாத வரை ஜிம்மிக்கு எதுவும் சம்மதம்தான்.

அப்பாவுக்கு உத்தரவு போட்டது சர்க்கரை டாக்டர். ஜிம்மிக்குப் போட்டது கால்நடை டாக்டர். "நாய்க்குச் சோறு ஆகாதுங்க, அது மாமிசம் தின்கிற ஜாதி" என்று சொல்லி, ஒரு பொட்டலத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்ததும் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தாள். முதல் பொருள் மக்காச்சோளம். அடுத்தது அரிசி.

"சோத்தை வடகம் போட்டு விக்கிறான்டா."

மறுக்க முடியவில்லை. புரதம், கொழுப்பு, நார், ஈரம் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். கார்போஹைட்ரேட் என்ற வரியே இல்லை. எல்லாவற்றையும் கூட்டி, சாம்பல் சத்துக்குக் கொஞ்சம் சேர்த்து, நூறிலிருந்து கழித்தேன். மிச்சம் 44. அதுதான் மாவுச்சத்து. அது இல்லாவிட்டால் அந்த உருண்டைகள் பொரியவும் பொரியாது, ஒட்டியும் நிற்காது.

நாய்க்கு மாவுச்சத்து கட்டாயமில்லை என்பது உண்மைதான். வேண்டிய குளுக்கோஸை அதன் கல்லீரல் புரதத்திலிருந்தே தயாரித்துக்கொள்ளும். அதற்காகச் சோறு விஷமாகிவிடாது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013இல் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவைச் செரிக்கும் அமிலேஸைக் கணையத்தில் சுரக்க வைக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டே பிரதிதான் இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் வீட்டு எச்சில் இலையை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்பியதற்குக் கிடைத்த பரம்பரைச் சொத்து. ஆனால் நாயின் எச்சிலில் அந்த அமிலேஸ் ஏறக்குறைய கிடையாது. மென்று ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்துதானோ என்னவோ, ஜிம்மி தயிர்சாதத்தை அப்படியே விழுங்கிவிட்டு நம் தட்டைப் பார்க்கிறது.

ஆகவே என் கட்சி, சோறு குற்றவாளி அல்ல, அளவுதான் குற்றவாளி. சின்ன நாய்க்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் பெரிய நாயைவிடக் கலோரி அதிகம் வேண்டும். ஆனால் கிலோவே ஐந்துதானே! மொத்தத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி. நம் வீட்டு இட்லி ஒன்று 50, 60 கலோரி வரும். அதாவது ஜிம்மியின் ஒருநாள் பங்கில் ஆறில் ஒன்று. அப்பாவுக்கு டாக்டர் அனுமதித்திருக்கும் 1,800 கலோரியில் ஆறில் ஒன்று என்றால் ஐந்தாறு இட்லி. "பாவம், ஒரே ஒரு இட்லிதானே" என்று நாம் போடுவதும், அப்பா முன்னால் ஆறு இட்லி அடுக்குவதும் ஒன்றுதான். இந்த ஜாதி நாய்க்கு எடை ஏறினால் முழங்கால் சில்லும் மூச்சுக்குழாயும் படுத்தி எடுத்துவிடும்.

இதை வீட்டில் விளக்கியபோது அப்பா மட்டும் முகம் கொடுக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. இரண்டோடு நிறுத்து என்று அம்மா அவர் இட்லியை எண்ணி வைக்கிறாள் அல்லவா? மூன்றாவதை அவர் "இந்தா, ஜிம்மிக்கு ஒண்ணு வை" என்று ஜிம்மி பெயரில் வாங்குவார். பாதி மேசைக்குக் கீழே போகும். பாதி மேலேயே தங்கிவிடும். சாம்பார் தொட்டதைக் கீழே போடுவதில்லை. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மினி இட்லித் தட்டு வாங்கி வந்தாள். ஜிம்மிக்கு அதில் ஒன்று, அதுவும் அவள் கையால்.

அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். நேற்று ராத்திரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, நாய்க்கு சப்பாத்தி குடுக்கலாமா? கோதுமை நல்லதுங்கறாங்களே?"