தூசிக்கு ஏலம்

கோலார் தங்கவயல் மக்களுக்கு ஒரு நற்செய்தி. ஆடிக் காற்றில் பறந்துவந்து உங்கள் சோற்றுத் தட்டில் விழும் சாம்பல் நிறத் தூசிக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. இனி அது தேசியச் சொத்து. ஊருக்குள் நிற்கும் 13 சயனைடு மலைகளை ஏலம்விட ஒன்றிய அரசு கேட்டது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவையும் தலையாட்டிவிட்டது.

இந்த மலைகளை ஆண்டவன் படைக்கவில்லை. 1880-இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் அரசின் சுரங்க நிறுவனமான பி.ஜி.எம்.எல். இழுத்து மூடப்படும் வரை, மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி, வட ஆற்காட்டிலிருந்து போன தலித் மக்கள் வெட்டிக் கொடுத்த பாறை அது. அதை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, சக்கையை அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். சுமார் 3.3 கோடி டன். வெள்ளைக்காரன் காலத்தில் தங்கம் லண்டனுக்குப் போனது, பிறகு டெல்லிக்கு. சக்கை மட்டும் விசுவாசமாக ஊரிலேயே கிடந்தது.

மக்கள் இருமியபோது யாருக்கும் அந்தச் சக்கை கண்ணில் படவில்லை. 2019-இல் அங்கே சினிமா எடுத்தபோது, சயனைடு மலையின் சுற்றுச்சூழல் கெடுகிறதென்று வழக்குப் போட்டு, படப்பிடிப்புக்குத் தடையும் வாங்கினார்கள். மலைக்கு வந்த வாழ்வு மனுஷனுக்கு வரவில்லையே!

டன்னுக்கு ஒரு கிராம் தங்கம் தேறுவதே கஷ்டம். பவுன் விற்கிற விலையில் அதுவும் லாபமாம். சரி, அந்த ஒரு கிராமை எடுத்த பிறகு? மிச்ச மண் அத்தனையும், மறுபடி சயனைடில் குளித்துவிட்டு, எங்காவது குவியத்தானே வேண்டும்? அதை யார் வீட்டு வாசலில் கொட்டுவதாக உத்தேசம்?

ஏலப் பட்டியலில் ஒரு குவியல் விட்டுப்போயிருக்கிறது. சுரங்கத்தில் உழைத்தவர்களின் நுரையீரலில் சிலிகோசிஸ் நோயாகப் படிந்திருப்பதும் அதே பாறைத் தூள்தான். ஷிப்டு முடிந்து மேலே வந்தவன் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்த கம்பெனி, நெஞ்சுக்குள் இருந்ததை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டது. அதையும் பதினான்காவது மலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. தோண்டும் செலவு குறைவு.

சுரங்கம் மூடிய ஊரில் வேலை இல்லாமல், அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள் விடியுமுன்னே மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி, பிழைப்புக்குப் பெங்களூரு போகிறார்கள்.

தங்கவயல்காரர்களே, நோயாளிகளுக்கு நிவாரணம், கிளறிய மண்ணை மூடி மரம் நடும் பொறுப்பு, இரண்டும் ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ள விடாதீர்கள்.