ஓட்டு நெல்லையில், வேலை ஒரகடத்தில்

கேள்வி: ஒரகடம் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஓட்டு திருநெல்வேலியில். தபாலில் போடலாமா?

பதில்: முடியாது தம்பி! உங்கள் பாட்டி போடலாம். வயது 85 தாண்டியிருந்தால், தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் படிவம் 12டி கொடுக்கச் சொல்லுங்கள். அதிகாரிகளே வாக்குச்சீட்டோடு வீட்டு வாசலுக்கு வருவார்கள். 25 வயதுக்காரர்தான் பஸ் பிடிக்க வேண்டும்!

வாக்குப்பதிவு நாளில் உங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு அது, தினக்கூலிக்கும் பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். பண்டிகை நேரத்து ஆம்னி பஸ் டிக்கெட்கூட அதைவிட அதிகம். கட்டாயம் உயர்த்த வேண்டும்.

இங்கேயே தங்கிவிட்டீர்களா? படிவம் 8 கொடுத்து ஓட்டையும் ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றிவிடுங்கள். ஒரகடம் முகவரி போட்ட பேங்க் பாஸ்புக் இருந்தால் அதையே சான்றாகக் காட்டலாம். சந்தேகமா? 1950-க்கு போன் போடுங்கள்.