மாறுமுன் ஒரு தள்ளாட்டம்

கேள்வி: கேஸ் லைட்டரில் பேட்டரியே இல்லை. பொறி மட்டும் எப்படி வருகிறது? (இல்லத்தரசி, பெரும்பாக்கம்)

உள்ளே ஒரு சின்னப் பீங்கான் துண்டு இருக்கிறது. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்தது. அதற்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் ஆளுக்கொரு பக்கம் விலகியே நிற்கின்றன. ஸ்பிரிங் விடுபட்டு 'டக்'கென்று அடிக்கும்போது அந்த விலகல் அசைகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பிப் பொறி பறக்கிறது. அந்தத் துண்டைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் விலகல் கலைந்துபோகும். ஆறின பிறகு எத்தனை தடவை அழுத்தினாலும் அடுப்பு பற்றாது!

கேள்வி: உலோகத்திலும் இப்படி விலகி நிற்குமா? (பிளஸ் டூ மாணவர், மேடவாக்கம்)

நிற்காது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். கட்டுறா எலக்ட்ரான்கள் ஓடிவந்து உள்ளே இருக்கும் மின்புலத்தை மறைத்துவிடுமே! 1965-ல் இயற்பியலாளர்கள் ஆண்டர்சனும் பிளவுண்ட்டும், நிற்கலாம் என்றார்கள். மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் அந்த அணு அசைவைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். 2013-ல் லித்தியம் ஆஸ்மியம் ஆக்சைடு அதைக் காட்டிக்கொடுத்தது. மைனஸ் 133 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியம் அணுக்கள் எல்லாம் ஏறக்குறைய அரை ஆங்ஸ்ட்ராம் ஒரே பக்கம் நகர்ந்து நிற்கின்றன. மின்சாரமும் தாராளமாகப் பாய்கிறது. இதைத்தான் போலார் மெட்டல் என்கிறார்கள்.

கேள்வி: மைனஸ் 133-ஆ? இந்த வெயிலில் எங்கே போவது? (வாசகர், சித்தாலப்பாக்கம்)

கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மாட்டுக்குச் சினை ஊசி வைத்திருக்கும் கேனில் இருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. தாராளமாகப் போதும்.

கேள்வி: அணுக்கள் சட்டென்று ஒரே நொடியில் நகர்ந்துவிடுமா? (கல்லூரி மாணவி, பெரும்பாக்கம்)

என்னைக் கேட்டால், இதுதான் இந்த வாரத்தின் கேள்வி. சில மாற்றங்கள் சட்டென்று நடக்கும். சில, மாறுமுன் தள்ளாடும். கண்ணாடிக் குழாயில் கார்பன் டை ஆக்சைடை 73 மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்து 31 டிகிரிக்குக் கொண்டுவந்தால் (நம்மூரில் மின்விசிறிக்கடியிலேயே கிடைக்கும் சூடு) திரவமா வாயுவா என்று தீராமல் உள்ளே பால்போல் கலங்கும். அந்தக் கலங்கலுக்கு 1910-ல் கணக்குப் போட்டவர் ஐன்ஸ்டைன்.

திடப்பொருளில் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்தவர்களில் நம்மவர் முன்னோடி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் நெடுங்காடியும் குவார்ட்ஸ் படிகத்தைச் சூடாக்கிக்கொண்டே நிறமாலையைப் படம்பிடித்தார்கள். 1940-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 573 டிகிரியில் அந்தப் படிகத்தின் அமைப்பு மாறும். அதை நெருங்க நெருங்க, மற்றக் கோடுகள் ஓரளவு கூர்மையாகவே இருக்க, ஒரே ஒரு கோடு மட்டும் அகன்று, மங்கி, இடம்பெயர்ந்து கரைந்தது. அந்தக் கோட்டுக்குரிய அணு அதிர்வு வலுவிழந்துகொண்டிருந்தது. இயற்பியலாளர் காக்ரன் இதைக் கோட்பாடாக எழுதியது இருபது வருஷம் கழித்து, 1959-60-ல். நெடுங்காடியின் பெயரையும் ராமனோடு சேர்த்தே நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

போலார் மெட்டலில் இந்தத் தள்ளாட்டம் இன்னும் சுவாரஸ்யம். லைட்டர் துண்டில் தூரத்து அணுக்களும் மின்விசையால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. உலோகத்தில் எலக்ட்ரான்கள் அந்த நெடுந்தூர விசையை மறைத்துவிடுவதால், பக்கத்து அணுவோடு பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும். கூடவே ஓடும் எலக்ட்ரான்களையும் அந்த ஆட்டம் தொந்தரவு செய்யலாம், ஜோடியும் சேர்க்கலாம். ஜோடி சேர்ந்தால் மின்தடையே இல்லாத மீக்கடத்தி பிறக்கும். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் கொஞ்சம் எலக்ட்ரான் ஏற்றினால் மீக்கடத்தியாவது 1964 முதலே தெரியும். அதற்கு இந்தத் தள்ளாட்டம்தான் காரணமா என்ற வாதம் இன்னும் சூடாக நடக்கிறது.

கேள்வி: அணுக்கள் விலகி நிற்கும் திசையை நாமே மாற்ற முடியுமா? (அதே மாணவி)

கட்டியான உலோகத்தில் கஷ்டம். வெளியிலிருந்து தரும் மின்புலம் உள்ளே நுழையாது. இரண்டு மூன்று அடுக்கே உள்ள டங்ஸ்டன் டைடெலுரைடில் நுழைந்தது. 2018-ல் மாற்றியும் காட்டிவிட்டார்கள்.