ஆள் இருக்கிற கார்

வாப்பாவின் மொரிஸ் மைனர் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினால் கல்முனைக் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு கிடுகுக் கொட்டிலுக்குப் போவோம். அதுதான் கராஜ். பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஆணியில் தொங்கும் தங்கூசியை எடுப்பார். மீன்பிடிக்கிற அதே தங்கூசிதான். காரின் இரு பக்கமும் அதை விறைக்க இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அடிமட்டம் வைப்பார். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே பார்க்க வேண்டும். மைனரில் திருத்த இருந்தது அது ஒன்றுதான். 1948இல் வந்த அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சக்கரத்தின் சாய்வில் யாரும் கை வைக்க இடமே விடவில்லை.

பாஸ் மருதமுனையில் தறிக்குப் பாவு ஓடுகிற வீட்டில் பிறந்தவர். ஒரு மயிரிழை கோணினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அளந்து முடித்ததும், "ஏறி இருங்க காக்கா" என்பார். "வெறுங் காரை அளந்து என்ன பிரயோசனம்? ஆள் இருந்துதானே ஓடப் போகுது." வாப்பா ஏறி இருப்பார். கார் முனகிக்கொண்டு தாழும். பாஸ் முதலிலிருந்து அளப்பார்.

அப்படி நேராக்கிய காரைச் சண்டைக் காலத்துச் சென்றிகளில், தார்ப்பீப்பாய்களுக்கு நடுவே வளைத்து வளைத்துத்தான் வாப்பா ஓட்டினார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கொட்டிலையும் காரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.

பிறகு எங்கள் வீட்டில் நேர், கோணல் பேச்சு இல்லை, ராத்தாவின் மகன் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கும் வரை. வீட்டில் ஒன்பது பேர். காரில் இரண்டு சீட். வேகத்தடையைக் கண்டால் அது நண்டு போலச் சரிந்துதான் ஏறும். ஆனால் நாலு சக்கரத்திலும் இரட்டைக் கை, மையம் விலகிய போல்ட்டுகள். திருப்பத் திருப்பச் சக்கரம் சாயும், திரும்பும். வளைவில் கார் வெளியே சரியும்போது டயர் முழு அகலமும் ரோட்டில் படிய வேண்டுமாம். அதற்காகச் சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைப்பதுதான் கேம்பர். மருமகன் தாராளமாகவே சாய்த்தான். அக்கரைப்பற்று வரை வளைவைத் தேடித் தேடி ஓடினான். சில மாதத்தில் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையானது.

"சாய்வு மட்டும் இல்ல மாமா, சக்கரம் பார்க்கிற திசை, அந்த டோவும் பிழை. ஒரு சக்கரம் பாகையில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே, கிலோமீற்றருக்கு 1.75 மீற்றர் பக்கவாட்டில் அரையுது" என்றான்.

புதிய கடைக்குப் போனோம். சக்கரங்களில் கண்ணாடித் தட்டுகள், எதிரே கமராக்கள், திரையில் சிவப்பும் பச்சையுமாக எண்கள். பாகையின் நூறில் ஒரு பங்கையும் காட்டுமாம்.

"பாஸ் தங்கூசியால பார்த்தது இதைத்தானே?" என்றேன்.

"ரேஸ் ஆக்கள் இன்னும் நூல் கட்டிப் பார்க்கிறவங்கதான், மாமா." அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "ஓட்டுறவன்ட நிறையைச் சீட்டில வைச்சுத்தான் அளக்கணும். அரிசி மூட்டை கொண்டுவர மறந்திட்டன்." என்னை மேலும் கீழும் பார்த்தான். "நான் திரையைப் பார்க்கணும். நீங்க ஏறி இருங்க."

ஏறுவதா, விழுவதா என்று தெரியாமல் உள்ளே போனேன். கார் முனகவில்லை, தாழ்ந்தது. எண்கள் சிவந்தன. கடைப் பையன் அடியில் புகுந்து போல்ட்டுகளைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாகப் பச்சையானது.

நான் இறங்கியதும் ஒன்று மீண்டும் சிவந்தது. நான் மருமகனைவிடப் பதினைந்து கிலோ கூட. அந்தக் கார் இன்றைக்கும் என் உடம்புக்கு அளந்தபடியே கிடக்கிறது. ஒரு நாளும் ஓட்டத் தந்ததில்லை.