விழ மறுத்த விறகுவெட்டி

ஸ்பெயின் நாட்டு பாஸ்க் மக்களுக்கு மரம் வெட்டுவது வெறும் பிழைப்பல்ல, பந்தய விளையாட்டு. படுத்துக் கிடக்கும் அடிமரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே கோடரியை இறக்க வேண்டும். சுற்றி நிற்கும் ஊர் பணம் கட்டும். கால்விரல் பத்தும் மிஞ்சினால் கெட்டிக்காரன். 1899இல் பிறந்த பவுலினோ உஸ்குதுன் இதில் பழகிய கை. இத்தனை தோள்பலத்தையும் வாயில்லா மரத்தின் மேல் காட்டுவானேன் என்று தோன்றியதோ என்னவோ, 1920களின் தொடக்கத்தில் பாரிஸ் போய்க் குத்துச்சண்டைக்காரர் ஆகிவிட்டார்.

நளினம், காலாட்டம் என்றெல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. குனிந்து, முழங்கைகளை முகத்துக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, பூட்டிய கதவு நடந்து வருவதுபோல் வருவார். எதிராளி தட்டித் தட்டிக் கை ஓய்ந்த பிறகு கதவு திறந்து ஒரு குத்து வரும். இதை வைத்தே 1926இல் ஐரோப்பிய ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். மறுவருஷம் அமெரிக்காவில் ஹாரி வில்ஸை நான்காவது ரவுண்டில் சாய்த்தார். வில்ஸ், ஜாக் டெம்ப்சியோடு உலகப் பட்டத்துக்கு மோத வருஷக்கணக்கில் காத்திருந்தும் வாய்ப்பே கிடைக்காத கறுப்பின வீரர். பவுலினோ கைக்கு வந்தபோது அவருக்கு வயது 38. பழுத்த மரம்தான், ஆனாலும் வெட்டு வெட்டுதானே.

1931 ஜூலை 4, நெவாடாவின் ரெனோ நகரம். சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கி, ஆறே வாரம் குடியிருந்தால் விவாகரத்தும் தருகிறேன் என்று அந்த மாநிலம் அந்த வருஷம்தான் அறிவித்திருந்தது. அங்கே கொளுத்தும் வெயிலில் பவுலினோவும் இளவட்டம் மேக்ஸ் பேயரும் 20 ரவுண்டு, அதாவது முழுசாக ஒரு மணி நேரம், கட்டிப் புரண்டார்கள். அன்றைக்கு ரெனோவில் பிரிக்க முடியாத ஜோடி அவர்கள்தான். பந்தயத்தை நடத்தியவர் டெம்ப்சி, நடுவரும் அவரே. அவர் பவுலினோவின் கையைத் தூக்கினார். பேயர் மூன்று வருஷத்தில் உலக சாம்பியன் ஆகப்போகிறவர் என்பது அப்போது யாருக்குத் தெரியும்!

1933 அக்டோபரில் பவுலினோவுக்கே உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு வந்தது. இடம் ரோம். எதிரே மலைபோல் ப்ரிமோ கார்னேரா, பவுலினோவைவிடச் சுமார் 30 பவுண்டு கூடுதல். பார்வையாளர் வரிசையில் முசோலினி. அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இத்தாலியருக்கு எதிராகத் தீர்ப்பெழுத எந்த நடுவருக்குக் கை வரும்? ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சங்கடம் யாருக்கும் வரவில்லை. 15 ரவுண்டும் கார்னேரா நியாயமாகவே அடித்தார். இவரும் நியாயமாகவே விழாமல் நின்றார். புள்ளிகளில் தோல்வி.

ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கோடு மூன்று முறை மோதி, இரண்டு தோல்வி, ஒரு டிரா. அப்போதும் யாரும் அவரை நாக் அவுட் செய்யவில்லை.

1935 டிசம்பர் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே 21 வயது ஜோ லூயிஸ். மூன்று ரவுண்டு கதவு திறக்கவே இல்லை. லூயிஸும் அவசரப்படவில்லை. நான்காவதில், பையன் என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்பதுபோல் பவுலினோ முழங்கைகளைக் கொஞ்சம் விலக்கினார். வலதுகைக் குத்து ஒன்று வந்தது. எழுந்தார், எழுந்து பிரயோஜனமில்லை, நடுவர் நிறுத்திவிட்டார். அத்தோடு கையுறையைக் கழற்றினார்.

சும்மா இருந்தாரா? அதுவும் இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிச ஃபலாங்கே கட்சிப் பக்கம் போய், 1936இல் அலிகாந்தே சிறையிலிருந்து அதன் தலைவர் ஹொசே அந்தோனியோவை மீட்கப் புறப்பட்ட கூட்டத்திலும் சேர்ந்துகொண்டார். மீட்க முடியவில்லை. அவர் வாழ்க்கையிலேயே மோசமான அணித்தேர்வு இதுதான்.

பேயர் 50 வயதில் போனார், கார்னேரா 60இல், லூயிஸ் 66இல். இத்தனை பேரிடமும் அடி வாங்கிய பவுலினோ 1985இல், 86ஆவது வயதில்தான் காலமானார்.