அரிசி கேட்டால் மரம் வரும்

கோணலை நிமிர்த்துவது திருப்பனந்தாளுக்குப் புதிதல்ல. பக்தை தாடகைக்காகச் சாய்ந்த அவ்வூர்ச் சிவலிங்கமான செஞ்சடையப்பரை அரசனின் யானைகள் இழுத்தும் நிமிரவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்த பிறகுதான் நிமிர்ந்தார் என்கிறது பெரியபுராணம். அந்த ஊரில் பணி ஓய்வு பெற்ற ஒருவர், சிங்கப்பூரில் பாலர் பள்ளிக்குப் போகும் பேத்தியிடம் செல்பேசித் திரை வழியே சீன எழுத்து கற்கிறார். கோடெல்லாம் நேராகத்தான் விழுகிறது. பேத்திக்கு அது போதவில்லை.

"தாத்தா, எந்தக் கோடு முதல்ல போட்டீங்க?"

சீன எழுத்தில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. குறுக்குக் கோடு முந்தி, நெடுக்குக் கோடு பிந்தி. வயலைக் குறிக்கும் எழுத்து ஒரு சதுரம், அதற்குள் ஒரு கூட்டல் குறி. தாத்தா நாலு பக்கமும் கட்டி முடித்துவிட்டு உள்ளே இறங்கினார். தப்பு! முதலில் இடக்கோடு, பிறகு மேல்கோட்டையும் வலக்கோட்டையும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பாக, உள்ளே குறுக்கு, நெடுக்கு, அடிக்கோடு கடைசியில். ஆக மொத்தம் 5. ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்று சீனப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவார்கள். காவிரிக் கரைக்காரருக்குக் கதவெல்லாம் எதற்கு? தண்ணீர் பாய்ந்த பிறகுதானே மடையை அடைப்பார்கள்! அதோடு அந்த எழுத்து கையில் படிந்துவிட்டது. சீனாவில் பிள்ளைகளின் பயிற்சி நோட்டிலும் இதே வடிவக் கட்டங்கள்தான். அந்தக் கட்டத்துக்குப் பெயரே வயல் எழுத்துக் கட்டம்.

வயலுக்கு அடியில் வலிமைக்கான எழுத்தைச் சேர்த்தால் 'ஆண்' என்று பேத்தி சொன்ன அன்று வீட்டில் சின்னக் கலவரம். அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது: "நாத்து நடறது யாரு, களை எடுக்கறது யாருன்னு அவங்களைக் கேளு!" சீனாவில் மூவாயிரம் ஆண்டுகளாக யாரும் சரிவரப் பதில் சொல்லாத கேள்வி அது.

எழுதி முடித்தபின் வரிசை யாருக்குத் தெரியப் போகிறது என்பது தாத்தாவின் வாதம். சாட்சிக்கு இலங்கையின் காலிக் கல்வெட்டை இழுத்தார். சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்து நிறுத்திய கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எந்தக் கோட்டை உளி முதலில் வெட்டியது என்று யார் கேட்டார்கள்?

கல் காட்டிக்கொடுக்காது, கை காட்டிக்கொடுக்கும். வேகமாக எழுதும்போது ஒரு கோட்டின் வால் அடுத்ததன் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. வரிசை மாறினால் ஒட்டும் இடமும் மாறும்; படிப்பவர் திணறுவார். செல்பேசி இன்னும் கறார். கோடுகளை வைத்துத் தட்டும் முறையில் ஐந்தே விசைகள்: குறுக்கு, நெடுக்கு, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு. அரிசிக்கான எழுத்தில் மேலே உள்ள இரண்டு சிறு கோடுகளும் முந்த வேண்டும். தாத்தா கூட்டல் குறியில் தொடங்கி, கீழே இருபுறமும் சாய்த்தார். அரிசி கேட்டவருக்குத் திரையில் மரம் வந்து நின்றது. மரத்துக்கு அதுதான் வரிசை.

இவ்வளவு கறாரான விஷயத்தில் நாடுகளாவது ஒத்துப்போகின்றனவா என்றால், அதுவும் இல்லை. சீன அரசு 1997இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசை வகுத்தது. 2021 மார்ச் முதல் 8,105 எழுத்துகளுக்குப் புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. ஜப்பான் 1958இலேயே தனியாக ஒரு கையேடு போட்டுவிட்டது. சீனாவில் 'இடது', 'வலது' இரண்டுமே குறுக்குக் கோட்டில் தொடங்கும். ஜப்பானிலோ 'இடது' குறுக்கில் தொடங்கும், 'வலது' சாய்கோட்டில் தொடங்கும். நம் தென்கலை, வடகலை வழக்கைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இந்த ஊர்க் காசி மடத்தின் மூல குருவான குமரகுருபரர், காசியில் சகலகலாவல்லி மாலை பாடி இந்துஸ்தானி மொழியை உடனே பெற்றார் என்பார்கள். சீனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது போலிருக்கிறது. கலைமகள் தாத்தாவிடம் நேராகக் கட்டம் போட்ட நோட்டைத்தான் நீட்டியிருக்கிறாள்.

எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 'ஒன்று' ஒரு கோடு, 'இரண்டு' இரண்டு, 'மூன்று' மூன்று. அந்தத் தைரியத்தில் நாலு கோடு இழுத்து 'நான்கு' எழுதிவிடாதீர்கள். அதற்கு 5 கோடு. அங்கேயும் அடிக்கோடு கடைசியில்தான்.