மருமகன் வாங்கின மிசின் ரம்பம்

வாய்யா மருமகனே. நரிக்குடி ரயிலடியில நீ எறங்குனப்பவே ஊரு பாத்துருச்சாம்ல, தோள்ல பெட்டியும் நடையில ஒரு மெதப்புமா. பேட்டரி ரம்பமாம், சத்தமும் கெடையாது, பொகையும் கெடையாதுன்னு எங்க அக்கா தெருப்பூராம் சொல்லிட்டு வந்துட்டா. எனக்கு அதாம்ப்பா பயமே. பெட்ரோல் ரம்பம் நாலு வயக்காட்டுக்கு அங்கிட்டே 'ஒதுங்கு'ன்னு கத்தும். இது மொனகிக்கிட்டே வெரலை வாங்கிரும்.

நல்லா வெட்டு, யாரு வேணாம்னா? இந்தச் சீமைக்கருவையை ஒழிக்க ஐகோர்ட்டே எறங்குச்சு. 2017-ல மதுரைக் கிளை வெட்டுன்னுச்சு. அதே வருசம் சென்னையில இடைக்காலத் தடை, நிறுத்துன்னு. ரெண்டு உத்தரவும் நடந்துக்கிட்டிருக்க, கருவை அதுபாட்டுக்குக் கண்மாய்க்குள்ள தழைச்சுச்சு. கோர்ட்டால முடியாததை நீ ஒரு சாண் ரம்பப் பட்டையை வச்சு முடிக்கப்போற. முடி.

பெட்டியில என்ன, 48 வோல்ட்டா? பலே! சார்ஜர் முதுகுல பொடி எழுத்து இருக்கும், அதைப் படி. 21-ஆ? அப்ப உள்ள வரிசையா நிக்கிறது அஞ்சே செல்லு. ஒரு லித்தியம் செல்லு முழுசா ஏறுனா 4.2 வோல்ட்டு, அஞ்சால பெருக்கிக்க. மிச்ச 27 வோல்ட்டு அட்டைப்பெட்டிக்கு மட்டும் வர்ற கரண்டு. அந்த ரோசத்துல கூட்டாளியோட ஸ்கூட்டர் சார்ஜரைக் கொண்டாந்து சொருகிறாத. 4.2-க்கு மேல அமுக்குனா செல்லு தன்னால கொதிக்கும். அதோட வந்த சார்ஜரு, அது போதும்.

சார்ஜ் எங்க போடுவ? தகரக் கொட்டகைக்குள்ள, சித்திரை மாசம், உச்சிப்பொழுதுல, கரிமூட்டைக்கு மேல வச்சுப் போடு, அம்சமா இருக்கும். தீயணைப்பு வண்டிக்காரங்களும் நம்ம ஊரைப் பாத்தாப்ல இருக்கும். அந்தப் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் எழுதியிருப்பான். நம்ம தகரத்தடியில அது சாதாரணமா வந்துரும். வெட்டி முடிச்ச பேட்டரி வேற தொட்டாலே சுடும். அரைமணி நேரம் நிழல்ல ஆறப்போடு. அப்புறம் காத்தோடுற எடத்துல, வெறும் சிமெண்டுத் தரையில வச்சு, நீ முழிச்சிருக்கிறப்பப் போடு. டி.வி.எஸ். 50 பெட்டிக்குள்ள ஆணி, ஸ்பேனரோட பேட்டரியைப் போட்டு வெயில்ல நிறுத்துறவனும் நம்ம ஊர்ல உண்டு. ரெண்டு முனையிலயும் ஒரு ஆணி படுத்தாப் போதும், அவன் வண்டிக்குப் புதுசா சீட்டு வாங்கணும்.

வயிறு ஊதுன பேட்டரி, கீழ விழுந்து நசுங்குனது, இதுகளுக்கு இரக்கமே காட்டாத, சார்ஜ்ல மாட்டாத, வீட்டுக்கு வெளிய தள்ளி வையி. புடிச்சுக்கிச்சுன்னா மொதல்ல மெயினை அமத்து, அப்புறம் தண்ணி. ஒரு குடத்துக்கெல்லாம் அடங்காது. உள்ள இருக்கிற சரக்கே சூட்டுல ஆக்சிஜனை விடும், ஒரு செல்லு பக்கத்துச் செல்லைக் கொளுத்தும். நமக்குக் குடிக்கிற தண்ணிக்கே லாரியை எதிர்பாக்குற ஊரு. செத்த பேட்டரியைக் கரிமூட்டத்துக்குள்ள போட்டுறலாம்னு பாக்காத, மூட்டமே எந்திரிச்சு நிக்கும். வாங்குன கடையில திருப்பிக் குடு. 2022-லயே அதுக்குச் சட்டம் வந்துருச்சு, தயாரிக்கிறவன் திரும்ப எடுக்கணும்னு.

கெழவனுக்கு என்ன தெரியும்னு மொகத்தைத் திருப்புற பாரு. இந்த லித்தியம் பேட்டரிக்குத்தான் 2019-ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. அதுல குட்இனஃப்ங்கறவருக்கு அப்ப வயசு 97. எனக்கு இன்னும் வயசிருக்கு.

சரி, கருவைகிட்டப் போவோம். அது ஒத்தைத்தண்டா நிக்கிற மரமில்ல, தூர்லயே ஏழெட்டாப் பிரிஞ்சு நிக்கும். நீ முன்னாடி கொப்பை அறுக்கிற, பட்டையோட மூக்கு பின்னாடி இருக்கிற கொப்புல இடிக்கும். மூக்கோட மேல்பக்கம் இடிச்சுச்சோ, ரம்பம் கயித்தை அறுத்த கெடா மாதிரி ஒன் மொகத்துக்கு எகிறும். அதனால மூக்கு எங்க இருக்குன்னு பாக்காம விசையைத் தொடாத. தோளுக்கு மேல தூக்கி அறுக்காத. 'ஒத்தைக்கையால அறுக்கலாம்'னு விக்கிறவன் சொல்லுவான், அவனுக்கென்ன, கொப்பைப் புடிக்கப் போறது ஒன் இடதுகையி. ரெண்டு கையும் ரம்பத்துலதான் இருக்கணும்.

வளைஞ்சு நிக்கிற கொப்பை எடுத்தவொடனே வெளிப்பக்கம் அறுத்தா முள்ளோட வந்து அறையும். அமுங்கி நிக்கிற உள்பக்கத்துல கொஞ்சம் போட்டுட்டு வெளிப்பக்கம் வா. கண்ணாடி போடு, பூட்ஸ் போடு. தொங்குற துண்டும் வேட்டியும் கல்யாணத்துக்கு ஆகும்.

விசைக்குப் பக்கத்துல ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கில்ல, அதை அமுக்கிக்கிட்டே இருக்க வலிக்குதுன்னு ரப்பர்பேண்டு போட்ட மகராசனை நானே பாத்தேன், நீ அந்த வேலையைப் பாக்காத. செயினை இழுத்துப் பாரு, அடிப்பல்லு பட்டைக் குழியை விட்டு முழுசா வெளிய வந்தா தொவண்டு கெடக்குன்னு அர்த்தம், முறுக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விடு.

எங்க, இப்பவே முறுக்கப் போறியா? அங்கிட்டே நில்லு. பேட்டரியைக் கழட்டி எங்கிட்டக் குடு. அப்புறம் செயின்ல கையை வையி.